எல்க் வேட்டைக்கு முன் உங்கள் ஸ்கோப்பை நம்பலாமா? மாட்டுவது முதல் மலையில் சுடுவது வரை

கொலராடோ மலைகளில் ரைஃபிள் சீசனுக்குக் கிளம்புகிறவர்களில் நிறையப் பேர் ஸ்கோப்பை, அதாவது துப்பாக்கி மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கியை, கடையில் வைத்தே எடைபோட்டுவிடுகிறார்கள். கண்ணில் வைத்து எதிர்ச்சுவரில் உள்ள எழுத்தைப் படிக்கிறார்கள், பளிச்சென்று தெரிந்தால் வாங்கிவிடுகிறார்கள். தெளிவு வேண்டியதுதான். ஆனால் ஒரு எல்க் மான் காயத்தோடு காட்டுக்குள் ஓடி மறைவதற்குக் கண்ணாடியின் தெளிவுக் குறைவு காரணமாக இருப்பது அபூர்வம். வழியில் எங்கோ ஜீரோ, அதாவது குறிபார்க்கும் புள்ளியிலேயே குண்டு படும்படி செய்துவைத்த அமைப்பு, நகர்ந்திருக்கும். அல்லது குறியை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்தும் திருகான டரட்டை இருபது கிளிக் திருப்பியதற்கு உள்ளே பத்தொன்பதுதான் நகர்ந்திருக்கும். அல்லது சுட்டவர் காற்றைத் தப்பாகக் கணித்திருப்பார். இந்த மூன்றையும் சீசனுக்கு முன்பே ரேஞ்சில் கண்டுபிடித்துவிடலாம். அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதியில், மாநில அரசின் உரிமத்தோடு எல்க் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு. கொலராடோவில் எல்க் சுட ரைஃபிள் குறைந்தது .24 காலிபர் (குழல் விட்டம் 0.24 அங்குலம்) இருக்க வேண்டும். குண்டு குறைந்தது 85 கிரெய்ன் (சுமார் 5.5 கிராம்) எடையுள்ள, பட்டதும் விரியும் வகையாக இருக்க வேண்டும். 100 யார்டில் (ஒரு யார்டு மூன்றடி) 1,000 அடி-பவுண்டு ஆற்றல் மிச்சமிருக்க வேண்டும். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் கட்டாயம். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். ஐடஹோவில் ரைஃபிளிலோ ஸ்கோப்பிலோ மின்னணுக் கருவி பொருத்தி பெருவிலங்கு வேட்டையாட முடியாது. ஸ்கோப்புக்குள் தெரியும் ஒளிரும் குறுக்குக்கோட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்தந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் படிக்காமல் ஸ்கோப் வாங்க வேண்டாம்.

## ஸ்கோப்புக்குள் நடப்பது

வெளியே தெரியும் குழாய்க்குள் இன்னொரு சின்னக் குழாய் இருக்கிறது. எரெக்டர் என்பார்கள். தலைகீழாக விழும் பிம்பத்தை நிமிர்த்தும் லென்ஸ்கள் அதற்குள்தான். அதன் ஒரு முனை கீலில் நிற்கிறது. மறுமுனையை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் இரண்டு டரட் திருகுகள் தள்ளுகின்றன, எதிர்ப்பக்கத்திலிருந்து ஸ்பிரிங் திருப்பித் தள்ளுகிறது. ஒரு கிளிக்குக்கு அந்தக் குழாய் ஒரு தலைமுடியின் கனம்கூட நகர்வதில்லை. அந்த நகர்வுதான் 500 யார்டில் கிட்டத்தட்ட இரண்டு அங்குலமாகப் பெருகுகிறது.

இப்போது .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற வலுவான தோட்டா உதைப்பதை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் ஸ்கோப் துப்பாக்கியோடு பின்னால் இழுபட்டு, துப்பாக்கி தோளில் மோதியதும் நிற்கிறது. ஸ்பிரிங் தளர்வாக இருந்தாலோ, லென்ஸைப் பிடித்திருக்கும் பசை விட்டுக்கொடுத்தாலோ, எரெக்டர் முன்பிருந்த இடத்துக்கே திரும்பாது. வெளியே ஒரு கீறல்கூட இருக்காது, பார்த்தால் எல்லாம் தெளிவாகத் தெரியும், குண்டு மட்டும் வேறு எங்கோ போகும். பிக்கப் வண்டியில் மண் பாதையில் மூன்று மணி நேரம் குலுங்குவதும் இதே வேலையைச் செய்யும். விழுந்தால்தான் ஜீரோ போகும் என்று நினைத்துவிடக் கூடாது.

ஈரம் ஒரு காலத்தில் இதைவிடப் பெரிய தலைவலி. மலையில் காலைக் குளிரில் உட்புறம் பனி படிந்து ஒன்றுமே தெரியாமல் போகும். 1940-களின் பிற்பகுதியில் ஓரிகனின் லூபோல்ட் நிறுவனம் குழாய்க்குள் நைட்ரஜன் நிரப்பி அதைத் தீர்க்க ஆரம்பித்தது. இன்று உருப்படியான எல்லா ஸ்கோப்பும் நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பித்தான் வருகிறது.

## எதை வாங்குவது

இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. எல்க் வேட்டைக்கு 3 முதல் 15 மடங்குக்குள் பெரிதாக்கும் ஸ்கோப் தாராளம். பெரிதாக்கும் அளவு கூடக்கூட எடையும் கூடும், பார்வைப் பரப்பு சுருங்கும், 60 யார்டில் மரத்துக்குப் பின்னால் நிற்கும் மானைத் தேடிப் பிடிக்கவே முடியாது. குழாய் 1 அங்குலமா 30 மில்லிமீட்டரா என்பது வலிமையைத் தீர்மானிப்பதில்லை. அகலமான குழாயில் டரட் திருப்ப உள்ளே கூடுதல் இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியது இரண்டு. டரட்டும் குறுக்குக்கோடும் ஒரே அளவில் இருக்க வேண்டும்: இரண்டும் மில் (ஒரு ரேடியனில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அல்லது இரண்டும் எம்.ஓ.ஏ. (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு). ஒன்று மில், மற்றது எம்.ஓ.ஏ. என்றால் மூச்சிரைக்க நிற்கும்போது கணக்கு குழம்பும். அடுத்தது, டரட் பூட்டிக்கொள்ள வேண்டும், அல்லது மூடி போட்டிருக்க வேண்டும். முதுகுப்பையில் உரசி யாருக்கும் தெரியாமல் ஒரு சுற்று திரும்பிவிடும் டரட் மலையில் ஆபத்து. ஜீரோவுக்குக் கீழே போகாமல் தடுக்கும் நிறுத்தி இருந்தால் இன்னும் நல்லது.

கையில் இருக்கும் பணத்தில் தெளிவா உள்ளுறுதியா என்று தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால், கண்ணை மூடிக்கொண்டு உறுதியை எடுங்கள். விடியலுக்கு முன் இன்னும் ஐந்து நிமிடம் முன்னதாக மான் தெரிவதைவிட, தெரிந்த மான் மீது குண்டு சொன்ன இடத்தில் படுவது முக்கியம்.

## மாட்டுவது

ஸ்கோப் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பப்படுவதில் பல உண்மையில் மாட்டியதில் உள்ள கோளாறு. அதனால் இந்தப் படியில் அவசரம் வேண்டாம்.

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு ஆரம்பியுங்கள். முதலில் ரைஃபிளின் உலோகப் பகுதியை மரக்கட்டையோடு பிணைக்கும் திருகுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இது தளர்ந்திருந்தால் குண்டுகள் சிதறும், பழி ஸ்கோப் மேல் விழும். அப்புறம் பேஸ், அதாவது ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங்குகளுக்கு அடியில் ரைஃபிள் மேல் திருகும் தகடு. திருகுகளிலும் ஓட்டைகளிலும் உள்ள எண்ணெயை ஆல்கஹால் அல்லது அசிட்டோனால் துடைத்தெடுங்கள். பேஸ் திருகுகளுக்கு நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டு போதும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, பேஸ் செய்த நிறுவனம் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு, தோட்டாவை ஏற்றி இறக்கும் போல்ட்டை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். முன் திருகு கொஞ்சம் நீளமாக இருந்தால் உள்ளே எட்டிப் போல்ட்டில் உரசும், அல்லது அடியில் முட்டிக்கொண்டு பேஸைச் சரியாகப் பிடிக்காது. "இறுக்கித்தானே இருந்தது?" என்று பிறகு தலையைச் சொறிய வைக்கும் கோளாறு இது.

அடுத்து ரிங், ஸ்கோப் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் வளையம். ரயில் வகை பேஸ் என்றால் ரிங்கை அதன் பள்ளத்தில் வைத்து, குழல் முனைப் பக்கம் தள்ளிப் பிடித்தபடி இறுக்க வேண்டும். உதை வரும்போது துப்பாக்கி பின்னால் போகும், ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அப்போது ரிங் முன்பே பள்ளத்தின் முன்சுவரில் முட்டியிருந்தால் நகர இடமிருக்காது.

ஸ்கோப்பை வைத்து, நீங்கள் உண்மையில் சுடும் நிலைகளில் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள இடைவெளியைச் சரிபாருங்கள். மேசையில் உட்கார்ந்து மட்டும் பார்த்தால் போதாது. படுத்துச் சுடும்போது தலை முன்னால் போகும், புருவத்தில் ஸ்கோப் இடித்துக் கிழிக்கும்.

குறுக்குக்கோட்டை நேராக்க, சுவரில் தூக்குக்குண்டு நூல் ஒன்றைத் தொங்கவிடுங்கள். ரைஃபிளை மட்டத்தில் பிடித்து, செங்குத்துக் கோடு நூலோடு ஒன்றும்படி ஸ்கோப்பைத் திருப்புங்கள். சுடும்போது ஸ்கோப்பும் ரைஃபிளும் சேர்ந்து 3 பாகை சாய்ந்திருந்தாலே, 500 யார்டில் 6.5 கிரீட்மோர் என்ற தோட்டா வகையின் குண்டு இரண்டரை அங்குலம் பக்கவாட்டில் விலகும். காற்று தள்ளியது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

ரிங் மூடித் திருகுகளைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் 15 முதல் 18 இன்ச்-பவுண்டு சொல்கின்றன. அதற்கு மேல் போனால் குழாய் நசுங்கி எரெக்டர் சிக்கிக்கொள்ளும். இந்தத் திருகுகளுக்குப் பசை போட வேண்டாம். பசை ஈரமாக இருக்கையில் எண்ணெய் போல வழுக்கும், ரெஞ்ச் காட்டும் அளவைவிட நிஜ இறுக்கம் கூடிவிடும். கடைசியாக, ஒவ்வொரு திருகிலும், குழாய் ரிங்கைச் சந்திக்கும் இடத்திலும் பெயின்ட் பேனாவால் ஒரு மெல்லிய கோடு போடுங்கள். கோடு உடைந்திருந்தால் ஏதோ நகர்ந்திருக்கிறது என்று மலையில் ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும்.

## ஜீரோ

100 யார்டில் ஜீரோ வையுங்கள். 200 யார்டு ஜீரோவுக்கும் நல்ல காரணங்கள் உண்டு, ஆனால் டரட் திருப்பிச் சுடப்போகிறவருக்கு 100 யார்டுதான் சுத்தம். அந்தத் தூரத்தில் காற்று, உயரம், வெப்பம் எதுவும் பெரிதாகக் குறுக்கிடாது.

மூன்று குண்டு சுட்டு, அவை நெருக்கமாக விழுந்தால் வேலை முடிந்தது என்று கிளம்புவது பரவலான பழக்கம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. எல்லாத் துப்பாக்கியும் குண்டுகளை ஒரு வட்டத்துக்குள் சிதறடிக்கத்தான் செய்யும், மூன்று குண்டு அந்த வட்டத்தின் ஒரு மூலையை மட்டும் காட்டக்கூடும். அந்த மூலையை நடு என்று நம்பி டரட்டைத் திருப்பினால் ஜீரோவை நீங்களே கெடுத்தவர் ஆவீர்கள். குழல் ஆற நேரம் கொடுத்துப் பத்து குண்டு சுடுங்கள். பத்தின் நடுப்புள்ளியைக் கணக்கிட்டுத் திருப்புங்கள். வட்டம் எவ்வளவு பெரிது என்பதையும் குறித்துவையுங்கள், பின்னால் தேவைப்படும்.

## டரட் உண்மை சொல்கிறதா

எனக்கு மிக முக்கியமாகப் படும் சோதனை இதுதான். செலவு ஒரு நீளத் தாளும் கொஞ்சம் தோட்டாவும்.

நாலடி உயரத் தாளில் தூக்குக்குண்டு வைத்துச் செங்குத்தாக ஒரு கோடு வரையுங்கள். கீழ் முனையில் குறிப்புள்ளி. தாளை 100 யார்டில் நிறுத்துங்கள். தூரத்தை நாடாவால் அளக்க வேண்டும்; ஒரு யார்டு பிசகினால் சோதனையிலேயே 1 சதவீதப் பிழை நுழைந்துவிடும். குறிப்புள்ளியைப் பார்த்து ஐந்து குண்டு சுடுங்கள். பிறகு டரட்டை 8 மில் மேலே திருப்பி, அதே கீழ்ப்புள்ளியைப் பார்த்தபடியே ஐந்து குண்டு. 100 யார்டில் 1 மில் என்பது 3.6 அங்குலம், ஆகவே இரண்டு கூட்டத்தின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 28.8 அங்குலம் இருக்க வேண்டும். எம்.ஓ.ஏ. டரட் என்றால் 30 திருப்புங்கள், 31.4 அங்குலம் வர வேண்டும். கடைசியில் டரட்டை ஜீரோவுக்குத் திருப்பி மறுபடி ஐந்து குண்டு. அவை முதல் ஐந்தோடு கலந்து விழ வேண்டும்.

மேலே போன குண்டுகள் கோட்டை விட்டு ஒரு பக்கமாக ஒதுங்கினால் குறுக்குக்கோடு சாய்ந்திருக்கிறது. மாட்டிய இடத்துக்குத் திரும்புங்கள்.

28.8-க்குப் பதில் 28.2 வந்தால்? 2 சதவீதப் பிழை. 6.5 கிரீட்மோரில் 500 யார்டுக்குச் சுமார் 2.7 மில் திருப்புகிறோம், அதில் 2 சதவீதம் ஓர் அங்குலம்தான். குண்டின் பாதையைக் கணிக்கும் கைப்பேசிச் செயலியில் அந்தத் திருத்தத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். 5 சதவீதம் என்றால் அதே தூரத்தில் கிட்டத்தட்ட இரண்டரை அங்குலம், அது எனக்கு அதிகம். ஆனால் எந்தச் செயலியாலும் திருத்த முடியாத பிழை ஒன்று உண்டு: இன்று 28.8, நாளை 28.1, ஜீரோவுக்குத் திரும்பினால் முக்கால் அங்குலம் தள்ளி. பிழை ஒரே மாதிரி இருந்தால் அதோடு வாழலாம். மாறிக்கொண்டே இருந்தால் அந்த ஸ்கோப்பை வேட்டைக்கு எடுத்துப் போகக் கூடாது, விலை என்னவாக இருந்தாலும்.

## அடி தாங்குமா

தோட்டாவை எடுத்துவிட்டு, போல்ட்டைத் திறந்து, காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகே இதைத் தொடங்க வேண்டும். தடிமனான பாயை விரித்து, முழங்கால் உயரத்திலிருந்து ரைஃபிளை ஒரு முறை இடப்பக்கமாக, ஒரு முறை வலப்பக்கமாக, ஒரு முறை ஸ்கோப் கீழே இருக்கும்படி விழவிடுங்கள். மனசு வலிக்கும். ஆனால் மலையில் ஈரப்பாறையில் கால் வழுக்கினால் இதைவிட மோசமாகத்தான் விழும். பிறகு 100 யார்டில் ஜீரோவைப் பாருங்கள். குண்டுகள் உங்கள் பத்து குண்டு வட்டத்துக்குள்ளேயே விழுந்தால் தேர்ச்சி.

இதைச் செய்ய மனம் வராதவர்கள் குறைந்தபட்சம் வண்டிச் சோதனை செய்யுங்கள். ரைஃபிளை மெத்தை இல்லாத பின்தளத்தில் வைத்துக் கரடுமுரடான பாதையில் ஒரு நாள் ஓட்டிவிட்டு நேராக ரேஞ்சுக்குப் போங்கள்.

## எண்கள்

தோட்டாப் பெட்டியில் அச்சிட்ட வேகம் அந்த நிறுவனத்தின் சோதனைக் குழலுக்கானது. உங்கள் குழல் குட்டையாக இருந்தால் வேகம் குறையும். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வைத்து உங்கள் துப்பாக்கியில் அளந்து, அந்த எண்ணைச் செயலியில் போடுங்கள். உதாரணத்துக்கு, 143 கிரெய்ன் குண்டு நொடிக்கு 2,700 அடி வேகத்தில் கிளம்பும் 6.5 கிரீட்மோருக்கு, 100 யார்டு ஜீரோவிலிருந்து 300 யார்டில் ஓரடிக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் 500 யார்டில் நாலடி போலவும் இறக்கம் வரும். செயலி சொல்வதை 300, 400, 500 யார்டில் சுட்டுச் சரிபார்க்காமல் நம்பக் கூடாது.

உயரம் பெரிய விஷயம். ஹூஸ்டனில் கடல் மட்டத்தில் அட்டவணை தயாரித்துவிட்டு 10,000 அடி உயரத்துக்குப் போனால் காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்திருக்கும். குண்டு அவ்வளவாக இறங்காது, அட்டவணைப்படி திருப்பினால் மேலே போகும். வேட்டைக்குப் போகும் உயரத்தையும் வெப்பநிலையையும் போட்டுத் தனி அட்டவணை எடுத்து, மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் ஒட்டி ரைஃபிளின் பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளுங்கள். கடுங்குளிரில் கைப்பேசி அணைந்துபோகும்.

குண்டின் வேகத்துக்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. பட்டதும் விரிய, பல வேட்டைக் குண்டுகளுக்கு நொடிக்கு 1,800 அடி அளவிலாவது வேகம் தேவை. அது எந்தத் தூரத்தில் தீர்கிறதோ அங்கே உங்கள் வேட்டைத் தூரமும் தீர்ந்தது.

## காற்று

ஸ்கோப் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் காற்றை அது சரிசெய்யாது. மேலே சொன்ன குண்டை, மணிக்கு 10 மைல் குறுக்குக்காற்று கடல் மட்டத்தில் 300 யார்டில் சுமார் 5 அங்குலமும் 500 யார்டில் ஓரடிக்கு மேலும் தள்ளும். மலை உயரத்தில் கொஞ்சம் குறையும். எல்க்கின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்தை 12 அங்குல வட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்; நடுவிலிருந்து எந்தப் பக்கமும் 6 அங்குலம். காற்றை மணிக்கு 4 மைல் தப்பாகக் கணித்தால் 300 யார்டில் பிழை 2 அங்குலம், 500 யார்டில் 5 அங்குலத்துக்கு மேல். மலையில் பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் ஒரு காற்று, நடுவில் ஒரு காற்று, மான் நிற்கும் சரிவில் இன்னொரு காற்று. நல்ல பயிற்சி உள்ளவர்களே 4 மைல் தவறுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. 500 யார்டுக்குக் குண்டு போய்ச்சேர அரை நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் சாதாரணமாக நடக்கும் எல்க் இரண்டடிக்கு மேல் நகர்ந்துவிடும். நுரையீரலுக்கு விட்ட குண்டு வயிற்றில் படும். அதைத் தடுக்க எந்த ஸ்கோப்பாலும் முடியாது.

## உங்கள் தூரம் எது

மேசை, மணல் மூட்டையெல்லாம் விட்டுவிடுங்கள். முதுகுப்பை மேல் வைத்துப் படுத்து, மலைத்தடி ஊன்றி உட்கார்ந்து, சரிவில் ஓடி மூச்சிரைத்த பிறகு சுடுங்கள். 10 அங்குல இரும்புத் தகட்டை வையுங்கள். மனதில் ஒத்திகை பார்க்காமல், குழல் குளிர்ந்திருக்கும்போது, முதல் குண்டு மட்டும். வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு காற்றில் செய்யுங்கள். எந்தத் தூரம் வரை முதல் குண்டு தவறாமல் தகட்டில் படுகிறதோ அதுதான் உங்கள் தூரம். என் அபிப்பிராயத்தில் பெரும்பாலானவர்களுக்கு அது 300-க்கும் 400-க்கும் நடுவில் நிற்கும். 600 யார்டில் தாளில் அழகாகச் சுடுகிறவர் 600 யார்டில் மானைச் சுடத் தகுதி பெற்றவர் என்று நான் நினைக்கவில்லை. தியடோர் ரூஸ்வெல்ட் 1887-இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் சங்கம், கருவியின் திறமையைச் சோதிப்பதற்காக விலங்கை வெகுதூரத்திலிருந்து சுடுவது நேர்மையான வேட்டையாகாது என்கிறது. நெருங்க முடியுமானால் நெருங்க வேண்டும். அந்தத் திறமைதான் வேட்டை.

## மலையில்

விமானத்தில் போகிறவர்கள் ரைஃபிளைக் காலியாக, பூட்டிய கெட்டிப் பெட்டியில், கவுன்டரில் சொல்லிவிட்டு ஏற்ற வேண்டும். சாமான் ஏற்றுகிறவர்கள் அந்தப் பெட்டியைத் தாலாட்டப்போவதில்லை. முகாமுக்குப் போனதும், வேட்டை தொடங்குவதற்கு முந்தைய நாளே, பின்னால் மண்மேடு உள்ள பாதுகாப்பான இடம் பார்த்து ஜீரோவை மூன்று குண்டில் சரிபாருங்கள். இது ஜீரோ வைக்க அல்ல, நகர்ந்ததா என்று பார்க்க மட்டும். பெயின்ட் கோடுகளையும் பாருங்கள்.

இரவில் ரைஃபிளைக் கூடாரத்தின் சூட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். குளிர்ந்த லென்ஸ் மேல் கூடாரத்தின் ஈரம் பனியாகப் படியும். காலி செய்து, பூட்டி, குளிரிலேயே வையுங்கள். ஸ்கோப் மேல் வாயால் ஊதவும் வேண்டாம்.

செங்குத்துச் சரிவில் கண்ணால் அளக்கும் தூரத்தை அப்படியே போடக் கூடாது. 30 பாகைச் சரிவில் 400 யார்டு என்றால் ஏறக்குறைய 346 யார்டுக்கு உரிய அளவைத்தான் திருப்ப வேண்டும். நல்ல தூரமானிகள் இதைத் தாமே கணக்கிடும். அந்த வசதி இயங்குகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

சுட்டதும் போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுங்கள், கண்ணை ஸ்கோப்பிலிருந்து எடுக்காதீர்கள். எல்க் நின்றுகொண்டிருந்தால் மறுபடி சுடுங்கள். ஓடி மறைந்தால், அது நின்ற இடத்தையும் கடைசியாகத் தெரிந்த மரத்தையும் மனதில் குறித்து, கிளம்புமுன் உங்கள் இடத்தில் ஆரஞ்சு நாடா கட்டுங்கள். அரை மணி நேரம் பொறுங்கள். வயிற்றில் பட்டதாகச் சந்தேகம் இருந்தால் பல மணி நேரம். 400 யார்டிலிருந்து பார்த்துவிட்டு ரத்தம் இல்லை, தவறிவிட்டது என்று முடிவு கட்டுவது பெரிய தவறு. அந்த இடத்துக்கு நடந்தே போய், மயிர், ரத்தம், குளம்பு கிழித்த மண் எல்லாவற்றையும் தேட வேண்டும்.

உண்மையிலேயே தவறிவிட்டது என்று உறுதியானால், அடுத்த மானைத் தேடப் போகாமல் முகாமுக்குத் திரும்பி ஜீரோவைப் பாருங்கள். நகர்ந்திருந்தால் அங்கேயே திருத்திக்கொண்டு போகலாம் என்று தோன்றும். வேண்டாம். காரணம் தெரியாமல் நகர்ந்தது மறுபடியும் நகரும். முதலில் திருகுகளைப் பாருங்கள். அவை சரியாக இருந்தால், ரிங்கோடு சேர்த்து வீட்டிலேயே ஜீரோ வைத்துக் கொண்டுவந்த மாற்று ஸ்கோப்பை மாட்டி, மூன்று குண்டு சுட்டுப் பார்த்துவிட்டு மலையேறுங்கள்.